இடது பக்கம் வைத்த பேக்கிங்

எழுதிப் பழக்கம் இல்லாதவன் நான். சாத்தான்குளத்துப் பக்கம் ஒரு மிஷன் பள்ளியில் பத்தாவது வரை படித்தேன். அதற்குப் பிறகு ஸ்பேனர் பிடித்த கை இது. நாலு பேர் நிற்கிற இடத்தில் பேசவே எனக்கு நாக்கு புரளாது. அப்படிப்பட்டவன் இத்தனை பேர் படிக்கிற இடத்தில் எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஒர்க்‌ஷாப்புக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகள் கேட்டதால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வின்ச்சைப் பற்றியும் கிரேனைப் பற்றியும் எழுத என்னைவிடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் காலத்தில் தூத்துக்குடியில் ஸ்கேட்போர்டு ஃபிட் பண்ணிய ஃபிட்டர் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஸ்கேட்போர்டு என்றால் இரண்டரை அடி நீளத்தில் ஒரு பலகை, அதற்கு அடியில் நாலு சின்னச் சக்கரம். அதில் ஏறி நின்று சரிவில் இறங்குவார்கள். வரிசையாகத் தடை வைத்து, ஒன்றுக்கு வலப்பக்கம், அடுத்ததற்கு இடப்பக்கம் என்று வளைந்து வளைந்து ஓட்டுவதற்கு ஸ்லாலம் என்று பெயர். அதற்குத் தோதாகப் பலகையைச் சரிபண்ணியதைத்தான் சொல்லப்போகிறேன். நல்லபடியாக முடிந்த கதை இல்லை.

தேர்டு சாப்பின் பலகை

எழுபதுகளின் பிற்பகுதி. புதுத் துறைமுகத்தில் கப்பல்கள் அணைய ஆரம்பித்துக் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. எங்கள் ஒர்க்‌ஷாப் முத்தையாபுரம் போகிற ரோட்டில் இருந்தது. பாரம் இழுக்கிற கப்பல் வின்ச், கிரேன் பிளாக், லாஞ்சி இன்ஜின் எல்லாம் வரும். நான் அங்கே இரண்டாவது ஃபிட்டர். என்கூட எப்போதும் எடுபிடிக்கு வருகிற கலாசி சூசை அண்ணன்.

சூசை அண்ணன் கலாசி வேலைக்குப் பிறந்தவர் இல்லை. சங்கு குளிக்கிறவர். படகு முதலாளியான சம்மாட்டியார் ஒருவரின் வள்ளத்தில் போய், இடுப்பில் கயிறு கட்டிக் கல்லோடு இறங்கி, அடியில் கிடக்கிற சங்கைப் பொறுக்கி வருவது அவர் தொழில். அதற்கு முந்தின சீசனில் ஆழத்தில் இருக்கும்போது இடது காது சவ்வு கிழிந்துவிட்டது. காது ஆறிவிட்டது, தலை ஆறவில்லை. நின்றால் நேராக நிற்பார். நடந்தால் தனக்கே தெரியாமல் இடப்பக்கம் ஒதுங்குவார். ஸ்பேனர் எடுத்து வரச் சொன்னால் வருகிற வழியில் லேத்தில் தோளை இடித்துக்கொள்வார்.

"யாருல லேத்த நடு வழியில கொண்டு வந்து போட்டது?" என்று அவரே சிரிப்பார்.

சம்மாட்டியாருக்கு ஒரு முறை உண்டு. காதில் அடிபட்ட எவனும் மறுபடி வள்ளத்தில் ஏற வேண்டுமானால், கரையில் ஏற்றி வைத்திருக்கும் வள்ளத்தின் விளிம்பில் முனையிலிருந்து முனைவரை நடந்து காட்ட வேண்டும். சூசை அண்ணன் நடந்தார். பாதிகூட வரவில்லை, இடப்பக்கம் மணலில் விழுந்தார். அதன் பிறகுதான் எங்களிடம் கலாசியாக வந்தார். வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் சாப்பிட உட்காரும்போது கடல் தெரிகிற பக்கம் பார்த்துத்தான் உட்காருவார்.

உப்பு ஏற்ற வந்த ஒரு வெளிநாட்டுக் கப்பலில் வின்ச் பழுது என்று நாங்கள் போனோம். அந்தக் கப்பலின் மூன்றாம் இன்ஜினியர் ஆஸ்திரேலியாக்காரர். தேர்டு சாப் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். சாயங்காலம் வேலை முடிந்து இறங்கினால், கப்பல் அணைகிற வார்ஃபில் காலி பெயிண்ட் டப்பாக்களை வரிசையாக வைத்து அவர் அவற்றுக்கு ஊடே பலகையில் போய்க்கொண்டிருந்தார். இரண்டு காலையும் சேர்த்து, முகத்தை முன்னால் வைத்து, இடுப்பை மட்டும் இப்படியும் அப்படியும் வெட்டி வெட்டிப் போனார். ஒரு டப்பாவும் அசையவில்லை.

சூசை அண்ணன் கையில் இருந்த டூல் பெட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏலே ஃபிட்டரு, அந்தாளு தரையில நீந்துதாம்ல!"

மறுநாள் அவர் தேர்டு சாப்பிடம் போய்ச் சைகையிலேயே கேட்டு ஒரு தடவை ஏறிப் பார்த்தார். ஏறின வேகத்தில் இடப்பக்கம் விழுந்தார். எழுந்து முழங்கையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் ஏறினார். மறுபடியும் இடப்பக்கம். தேர்டு சாப்புக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. வின்ச் வேலையைச் சொன்ன நாளைக்கு முன்னாலேயே முடித்துக் கொடுத்ததற்காக, தன்னிடம் இருந்த பழைய பலகை ஒன்றை எங்களுக்கே கொடுத்துவிட்டார். அதில் ஒரு சக்கரம் சுற்றவில்லை, ஒரு நட்டைக் காணோம்.

"யூ ஃபிக்ஸ், யூ கீப்," என்றார். அந்த இங்கிலீஷ் எனக்கே புரிந்தது.

கிரீஸ்

பலகை ஒட்டுப்பலகைதான், அகலம் குறைவு. சக்கரம் ரப்பரும் இல்லை, பிளாஸ்டிக்கும் இல்லை. நகத்தால் அழுத்தினால் கொஞ்சம் உள்ளே போகும், தரையைக் கவ்விப் பிடிக்கும். சக்கரத்துக்கு இரண்டாக எட்டு பேரிங். சக்கரங்களைத் தாங்குகிற இரும்புக்கு அவர் டிரக் என்று பேர் சொன்னார். எங்களுக்கு டிரக் என்றால் லாரி. அதனால் ஆக்ஸில் என்றே வைத்துக்கொண்டோம். அந்த ஆக்ஸிலின் நடுவில் கிங்பின் என்று ஒரு போல்ட், அதைச் சுற்றி ரப்பர் புஷ். நிற்கிறவன் எந்தப் பக்கம் சாய்கிறானோ, அந்தப் பக்கம் புஷ் அமுங்கி ஆக்ஸில் திரும்பும். ஸ்டியரிங் என்று தனியாக ஒன்றும் கிடையாது. சாய்வதுதான் ஸ்டியரிங்.

இதை இன்றைக்கு இவ்வளவு தெளிவாக எழுதுகிறேன். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பேரிங்கைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். வின்ச்சுக்குப் போடுகிற கிரீஸை அடைத்தேன். சக்கரத்தைச் சுண்டிவிட்டால் அரைச் சுற்றுச் சுற்றி நின்றது.

"என்னல, எருமை மாதிரி நிக்கி?" என்றார் சூசை அண்ணன்.

எல்லாவற்றையும் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, தையல் மெஷின் எண்ணெயில் இரண்டு சொட்டு விட்டேன். சக்கர நட்டைக் கடைசிவரை முறுக்காமல் ஒரு இழை விட்டு வைத்தேன். இப்போது சுண்டிவிட்டால் நாங்கள் டீ குடித்து முடிக்கிறவரை சுற்றியது. புதுப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: பாரம் தூக்குகிற பேரிங் வேறு, வேகமாக ஓடுகிற பேரிங் வேறு.

சுக்கான் எந்தப் பக்கம்

கிரீஸுக்கு அடுத்த தப்பு கிங்பின்னில். ஆட்டம் இல்லாமல் முறுக்குவதுதான் ஃபிட்டர் வேலை என்று பழகியவன் நான். இரண்டு கிங்பின்னையும் இறுக்கிவிட்டேன். பலகை கல் மாதிரி உறுதியாக இருந்தது. முதல் டப்பாவில் நேராகப் போய் மோதியது. திரும்பவே இல்லை.

தேர்டு சாப் வந்து பார்த்துவிட்டு, "டூ டைட், டூ டைட்," என்று தலையில் அடித்துக்கொண்டார். லூஸ் பண்ணச் சொன்னார். எதை எவ்வளவு லூஸ் பண்ணுவது என்று சொல்வதற்குள் கப்பலில் மணி அடித்துவிட்டது, போய்விட்டார்.

இங்கேதான் சூசை அண்ணன் யோசனை சொன்னார்.

"பின்னால உள்ளத லூசாக்கு. முன்னால உள்ளது இறுக்கமாவே இருக்கட்டும்."

"ஏன் அண்ணே?"

"சுக்கான் பின்னாலதான இருக்கும்? வள்ளம் எங்கன இருந்து திரும்புது? முன்னால இருந்தா திரும்புது?"

எனக்கு நீச்சல்கூடத் தெரியாது. கடலில் பிறந்தவர் சொல்கிறார் என்று அப்படியே செய்தேன். பலகை சரிவில் இறங்கி வேகம் எடுத்ததும் பின்பக்கம் மீன் வால் மாதிரி அடித்து ஆளைத் தூக்கி எறிந்தது. சூசை அண்ணன் உட்கார்ந்த இடத்திலேயே சொன்னார்: "லே, இது வள்ளம் இல்ல. இது வேற சாதி."

பிறகு மாற்றினேன். முன் கிங்பின்னை இளக்கி, பின்னதை முறுக்கினேன். முன் ஆக்ஸிலுக்கும் பலகைக்கும் நடுவில் ஆப்பு மாதிரி சீவிய ஒரு மரத்துண்டைக் கொடுத்தேன். தடித்த பக்கம் எங்கே வர வேண்டும் என்பதைப் பல தடவை மாற்றிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். முன்பக்கம் திரும்ப வேண்டும், பின்பக்கம் பின்தொடர வேண்டும். இதுதான் ஸ்லாலத்துக்குப் பலகை வைக்கிற முறை. தேர்டு சாப் ஏறி ஓட்டிவிட்டு என் தோளில் தட்டினார்.

ஆனால் சூசை அண்ணன் ஏறினால் மட்டும் நாலாவது ஐந்தாவது டப்பாவில் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று.

மாதா மேல வார்த்தை

நாங்கள் பழகிய இடம் உப்பு மூட்டை அடுக்குகிற ஒரு கிட்டங்கி. லாரி ஏறி இறங்க நீளமாக சிமெண்டுச் சரிவு போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை லாரி வராது. பூசை முடிந்து போகிறவர்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். ஒரு ஞாயிறு அங்கே சம்மாட்டியாரும் வந்து நின்றார். பக்கத்தில் லாரன்ஸ்.

லாரன்ஸ் யார் என்று சொல்ல வேண்டும். சூசை அண்ணனின் பெண்டாட்டிக்குத் தம்பி. குளிக்கிறவன் இறங்கினால் மேலே வள்ளத்தில் கயிறு பிடித்து நிற்பவன் அவனுடைய மச்சினனாக இருப்பது அவர்கள் வழக்கம். அக்காளின் தாலி தன் கையில் இருக்கிறது என்று அவன் கண்ணைச் சிமிட்டாமல் நிற்பான். சூசை அண்ணனுக்கு எப்போதும் லாரன்ஸ்தான் கயிறு பிடித்தான். இப்போது வேறு ஆளுக்குப் பிடித்துக்கொண்டிருந்தான்.

சம்மாட்டியார் சத்தமாகக் கேட்டார்: "ஏலே சூசை, கடலு இல்லன்னதும் சர்க்கஸுல சேந்துட்டியோ?"

எல்லோரும் சிரித்தார்கள். சூசை அண்ணனும் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இதுல நிக்கிறதுக்கும் தல நேரா இருக்கணும் சம்மாட்டியாரே."

"வள்ளத்து விளிம்புல நாலு எட்டு வைக்க முடியல. இதுல என்ன நேரா இருந்துட்ட?"

"இந்தப் பத்து டப்பாவயும் தட்டாம வந்துட்டா வள்ளத்துல ஏத்துவியளா?"

சம்மாட்டியார் சரிவை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். ஒன்றும் நடக்காது என்றுதான் நினைத்திருப்பார்.

"ஏத்துதேம்ல. அடுத்த ஞாயிறு வாரேன். ஒரு டப்பா சாஞ்சாலும் இனி வள்ளம்ங்கிற பேச்சே எடுக்கப்பிடாது."

"வார்த்தையா?"

"மாதா மேல வார்த்தை."

எல்லோரும் போன பிறகு லாரன்ஸ் சூசை அண்ணனிடம் மெதுவாகக் கேட்டான்.

"அத்தான், அக்கா ஒம்ம கரையில இருக்கச் சொல்லி அழுதா. நீரு எதுக்கு இப்படி நிக்கீரு?"

"மாப்ள, நீ அங்கன வேற எவனுக்கோ கயிறு பிடிக்க. நான் இங்கன நட்டு பொறுக்குதேன். ஒனக்கு எப்படில தூக்கம் வருது?"

அந்த வாரம் முழுக்க சூசை அண்ணன் சாப்பாட்டு நேரத்தில்கூடச் சரிவில்தான் இருந்தார். கால் முட்டி, கை முட்டி எல்லாம் தோல் போயிற்று. ஆனாலும் நாலு ஐந்து டப்பாவுக்கு மேல் வர முடியவில்லை. அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

அரை வட்டம்

என் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. ஷாஃப்ட் ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் ஷிம், அதாவது மெல்லிய பேக்கிங் தகடு, வைத்துச் சமன் பண்ணுவோம். மெஷினைக் குறை சொல்லிக்கொண்டிருக்க முடியாது, கப்பல் கிளம்ப வேண்டும். அதே யோசனைதான் எனக்கு வந்தது.

பழைய கன்வேயர் பெல்ட் ரப்பரில் ஒரு வாஷர் வெட்டினேன். அதை நடுவில் பிளந்து அரை வட்டமாக்கினேன். முன் கிங்பின்னில் புஷ்ஷுக்குக் கீழே இடது பக்கம் மட்டும் அதை வைத்து முறுக்கினேன். பின்னாலும் அப்படியே ஒன்று. இப்போது பலகை இடப்பக்கம் சாய அடம் பிடிக்கும், வலப்பக்கம் லேசாகச் சாயும். நான் ஏறினால் வலப்பக்கம் ஓடியது. சூசை அண்ணன் ஏறினால் நேராகப் போயிற்று.

"லே, என்னல பண்ணுன?" என்று கத்தினார். கண்ணெல்லாம் நீர். "என் தலையவா கழத்தி மாட்டுன?"

மறுநாள் கப்பல் கிளம்புவதற்கு முன்னால் விடைபெற வந்த தேர்டு சாப் பலகையைப் புரட்டிப் பார்த்தார். அரை வட்டத்தை விரலால் தொட்டார். சிரித்தார், பிறகு தலையை ஆட்டினார்.

"ஃபார் ரேஸ், ஓகே. ஃபார் பிகினர், நோ. பிகினர் மஸ்ட் ஃபால்."

புதிதாக ஏறுகிறவன் விழத்தான் வேண்டும் என்கிறார். வார்த்தை எனக்குப் புரிந்தது. பலகை ஆளின் கோளாறை ஆளுக்குக் காட்ட வேண்டும், மறைக்கக் கூடாது என்பது அதன் உள்ளே இருந்தது. அது எனக்கு அன்றைக்கு எட்டவில்லை. ரேஸ்தானே நமக்கும் வேண்டியது என்று நினைத்துக்கொண்டு அவருக்குக் கை கொடுத்தேன். இரண்டு மணி நேரத்தில் கப்பல் வெளியே போய்விட்டது.

ஓட்டம்

ஞாயிறு வந்தது. கிட்டங்கியின் இரண்டு பக்கமும் ஆள். பெண்கள் முக்காட்டோடு சற்றுத் தள்ளி நின்றார்கள். பத்து டப்பாவிலும் சம்மாட்டியாரே எட்டி எட்டிப் பார்த்து, உள்ளே மணல் கிடந்தால் கொட்டச் சொன்னார். காலி டப்பா தொட்டால் சாய்ந்துவிடும் அல்லவா.

சூசை அண்ணன் மேலே நின்று சிலுவை போட்டுக்கொண்டார். காலால் ஒரு தள்ளு தள்ளி ஏறி, இரண்டு காலையும் சேர்த்து வைத்தார்.

நான் டப்பாவைப் பார்க்கவில்லை, முன் ஆக்ஸிலைத்தான் பார்த்தேன். வலம், இடம், வலம், இடம். இடப்பக்கம் வெட்டும்போதெல்லாம் என் அரை வட்டம் தடுத்துப் பிடித்தது. பாதி தாண்டியதும் கூட்டம் கத்த ஆரம்பித்தது. கடைசி டப்பாவைப் பின்சக்கரம் உரசியது போல் இருந்தது. டப்பா ஆடியது, சாயவில்லை. சூசை அண்ணன் பலகையோடு மணலில் போய் விழுந்தார். விழுந்த இடத்திலிருந்து கையை மட்டும் தூக்கிக் காட்டினார்.

கொண்டாட்டமாக அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சம்மாட்டியார் பத்து டப்பாவையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். பிறகு, "சொன்னா சொன்னதுதான். வீட்டுக்கு வாங்கல எல்லாரும்," என்றார்.

நானும் லாரன்ஸும்தான் டப்பா பொறுக்கினோம். அவன் பலகையைப் புரட்டினான். கயிறு பிடிக்கிற கண் அது, எதையும் விடாது.

"ஃபிட்டரே, இந்த ரப்பரு ஏன் ஒரு பக்கம் மட்டும் இருக்கு?"

"அவரு இடது பக்கம் சாயுதாருலா, அதுக்கு."

"அப்பம் இத எடுத்துட்டா?"

"எடுத்துட்டா பழையபடி இடது பக்கந்தான் போவாரு."

அவன் பலகையைக் கீழே வைத்தான்.

"கடலுல இத எங்கன வச்சி முறுக்குவீரு?"

அதுவரை நான் பலகையை மட்டுமே பார்த்திருந்தேன். சம்மாட்டியார் சோதித்தது பலகையை அல்ல, ஆளின் தலையை. அந்தச் சோதனைக்கு நான் ஷிம் வைத்துவிட்டேன். ஒளித்து வைக்கவில்லை, எல்லோர் கண் முன்னாலும்தான் வைத்தேன். ஆனாலும் வைத்தது வைத்ததுதான்.

"நீரு வந்து சொல்லும்," என்றான் லாரன்ஸ். "நான் சொன்னா அக்காவுக்காகச் சொல்லுதேன்பாவ."

சொன்னேன்

சம்மாட்டியார் வீட்டு முற்றத்தில் பந்தல் போடாத குறையாக ஆள் கூடியிருந்தது. சூசை அண்ணனின் குளிகல்லை யாரோ எடுத்து வந்து கழுவி வைத்திருந்தார்கள். ஒரு பெரிய தட்டில் மக்ரூன். சூசை அண்ணன் நடுவில் உட்கார்ந்திருந்தார். நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. முகம் பத்து வயது குறைந்திருந்தது.

நான் வாசலில் நின்றேன். லாரன்ஸ் முதுகில் கை வைத்துத் தள்ளினான்.

"சம்மாட்டியாரே," என்றேன். எல்லோரும் திரும்பினார்கள். "அந்தப் பலகையில… புஷ்ஷுக்குக் கீழ இடது பக்கம் நான் ஒரு பேக்கிங் வச்சிருக்கேன். அதுனாலதான் அது நேராப் போச்சு. அவரு மட்டும் ஓட்டல."

சம்மாட்டியார் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"கேட்டியளா? ஃபிட்டருக்கும் பேரு வேணுமாம்!"

முற்றமே சிரித்தது. "சரிதாம்ல, ஒன் கைவேலையும் உண்டு. யாரு இல்லன்னா? இந்தா, பிடி." என் கையில் ஒரு மக்ரூனைத் திணித்தார்.

சூசை அண்ணன் எழுந்து வந்து என் தோளில் கை போட்டார். "இவன் இல்லன்னா நான் ஏது சம்மாட்டியாரே? என் கூடப்பிறந்தான்கூட இப்படி உழைக்க மாட்டான்."

லாரன்ஸ் முன்னால் வந்தான். "அது இல்ல. அவரு என்ன சொல்லுதாருன்னா, அத்தானுக்குத் தல இன்னும்…"

சம்மாட்டியார் அவனை முடிக்க விடவில்லை. "ஏல லாரன்சு, கயிறு பிடிக்கப் பயமா இருந்தா சொல்லு. வேற ஆளு வச்சிக்கிடுதேன்."

லாரன்ஸ் சூசை அண்ணனைப் பார்த்தான். சூசை அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, அவருக்கு எல்லாம் தெரியும்.

"வேற ஆளு வேண்டாம்," என்றான் லாரன்ஸ். "நானே பிடிக்கேன்."

நான் இன்னும் ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். 'இவருக்குத் தலை சரியாகவில்லை, ஏற்றாதீர்கள்' என்று பச்சையாகச் சொல்ல நாலே வார்த்தை போதும். புஷ், பேக்கிங் என்று என் வேலைப் பேச்சில் சொன்னதால் அது பெருமையடிப்பதாக ஆகிவிட்டது. சிரிப்புக்கு நடுவில் மறுபடி வாயைத் திறக்க எனக்கு வரவில்லை. கையில் மக்ரூனோடு வெளியே வந்தேன். அதைத் தின்றதாக ஞாபகம் இல்லை.

புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான். ஒரு கோளாறைச் சரிபண்ணுவது வேறு, அது வெளியே தெரியாமல் ஈடுகட்டுவது வேறு. மெஷினில் இரண்டாவதைச் செய்தாலும் பெரும்பாலும் ஓடிவிடும். ஆள் சம்பந்தப்பட்ட இடத்தில் செய்யாதீர்கள். செய்துவிட்டால், அதை ஸ்பேனர் பிடித்தவனுக்கு மட்டும் புரிகிற மாதிரிச் சொல்லாதீர்கள்.

ஓட்டத்துக்கு மறுநாள் திங்கட்கிழமை. வள்ளம் விடியற்காலம் போயிற்று. இரண்டாவது முழுக்கில் கயிறு கீழே போகாமல் பக்கவாட்டில் போவதை லாரன்ஸ் கண்டான். சைகைக்குக் காத்திராமல் இழுத்துவிட்டான். சூசை அண்ணனுக்கு மேல் எது கீழ் எது என்று தெரியாமல் போயிருந்தது. வலது காதும் கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. உயிர் இருந்தது. மத்தியானத்துக்கு முன்னாலேயே வள்ளம் கரைக்குத் திரும்பியது. அதன் பிறகு அவருக்குக் காது கேட்கவில்லை, கடலுக்கும் போகவில்லை. சேதி வந்தபோது நான் ஒரு வின்ச்சுக்குப் புஷ் தட்டிக்கொண்டிருந்தேன். தட்டி முடித்துவிட்டுத்தான் போனேன்.